குருவாகாத துறவியர்

சகோதரர் என்னும் சொல்லுக்கு ஒரே வயிற்றுப் பிறந்தவர் என்பது பொருள். 'உதரம்' என்பது வயிறு. உடன்பிறந்தார் என்னும் தமிழ்ச் சொல்லும் அக்கருத்தையே தருவது. கத்தோலிக்கத் திருச்சபையிலோ, வெவ்வேறு தாய் வயிற்றுப் பிறந்த ஆடவர் பலர் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்து, தம்மை உலகம் இச்சொல்லாலேயே அழைக்க இசைகின்றனர். இவர்களே துறவறச் சகோதரர் எனப்படுவோர்.

தமிழ்க் கத்தோலிக்கரிடையே இச்சொல் சிறிது மயக்கம் தருவதாகும். குருமடத்தில் பயிலும் மாணவரையும் மக்கள் 'பிரதர்' என்றே அழைக்கின்றனர். அவர் சில ஆண்டுகளிற் குருப்பட்டம் பெற்று 'ஃபாதர்' ஆகிவிடுவார். ஆதலின், பிரதர் என்பது ஏணியின் கீழ்ப்படி என்றும், ஃபாதர் என்பது மேற்படி என்றும் பலர் எண்ணிவிட்டனர். தலை நரைத்த பின்னும் பிரதராகவே இருப்பவரைக் கண்டு, 'பாவம், படிப்பு ஏறவில்லை போலும்' என்று இரங்குவாரும் உளர். இவ்விரக்கம் பொருந்தாது. குருத்துவம் என்பது திருப்பலி நிறைவேற்றுதல், பாவ மன்னிப்பு அளித்தல் முதலிய வழிபாட்டுக் கடமைகளுக்குரிய திருநிலை. துறவு என்பதோ ஒருவர் வாழும் முறை. குருவாக இருந்து துறவியாகாதவர் உண்டு. துறவியாக இருந்து குருவாகாதவரும் உண்டு. பழங்காலத்துத் துறவியருட் பெரும்பாலார் குருக்கள் அல்லர். மேனாட்டுத் துறவு மடங்களுக்கு ஒழுங்கு வகுத்த பெனடிக்டும் குருவல்லர். அசிசி நகர்ப் பிரான்சிசும் குருவல்லர்.

தமிழுக்கு எழுத்து வார்த்த சகோதரர்

தமிழாசிரியர்கள் கிறித்தவ அடிகளார் சிலரை நன்கு அறிவர். அண்டிறிக்கு அடிகளார், வீரமாமுனிவர், தனிநாயக அடிகளார் ஆகிய மூவரும் குருக்களே. ஆனால் தமிழ் அச்சுக்கலையின் தொடக்கத்தில் ஒரு சகோதரரும் நிற்கிறார். 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி முடிந்த 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களையுடைய சிறு நூல். அதனை ஆக்கிய அண்டிறிக்கு அடிகளார் புகழ் பரவிற்று. அதற்கு முந்திய ஆண்டில், 1577-இல், கோவாவில் தமிழ் எழுத்துக்களை அச்சுக்கென முதன்முதலாக வார்த்தவர் யோவான் கொன்சால்வஸ் என்னும் இயேசு சபைச் சகோதரர். உலோக வேலையிற் கைதேர்ந்தவர். அவர் வார்த்த எழுத்துக்களின் மாதிரி அந்நூலின் இறுதிப் பக்கத்தில் இடம் பெற்றது. நூலாசிரியரை அறிந்தார் பலர். எழுத்து வார்த்தவரை அறிந்தார் சிலர். சகோதரரின் வாழ்வு பெரும்பாலும் இவ்வாறே அமைவது. வேலை நிற்கும், பெயர் மறையும்.

ஆசிரியர்க்கென எழுந்த சபை

அச்சுக்கூடத்திலும் அடுக்களையிலும் வாயிற்காவலிலும் சகோதரர் தொண்டாற்றிய சபைகள் பல. அவற்றுட் சகோதரரோடு குருக்களும் இருந்தனர். குருவே இல்லாமற் சகோதரர் மட்டுமே வாழும் சபையொன்றைக் கல்விக்கென நிலைநாட்டியவர் பிரான்சு நாட்டு ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால். இவர் 1651-இல் ரைம்ஸ் நகரிற் செல்வக் குடியிற் பிறந்தார், 16-ஆம் வயதிலேயே அந்நகரப் பேராலயத்திற் பதவி பெற்றார், 1678-இற் குருவானார். ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி நடத்திய ஆசிரியர் சிலருக்கு உதவப் போய், படிப்படியாக அவர்களோடு பிணைக்கப்பட்டார். அவ்வாசிரியரைத் தொடக்கத்தில் தம் ஏவலாளனுக்கும் கீழாக மதித்ததாகவும், அவர்களோடு ஒன்றாக வாழ நேரும் என அறிந்திருந்தால் அப்பணியைத் தொட்டேயிரார் என்றும் பிற்காலத்தில் அவரே எழுதிவைத்தார்.

அழைத்தல் எவ்வாறு கண்டறியப்படுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வானத்தில் ஒளி தோன்றவில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை. முன்னே கிடந்த ஒரு கடமையைச் செய்தார். அது மற்றொன்றுக்கு இட்டுச் சென்றது. ஆசிரியர்களைத் தம் வீட்டில் உண்ண அழைத்தார். பின்பு தங்கச் செய்தார். பின்பு தாமே அவர்களோடு வேறு வீட்டிற் குடியேறினார். 1683-இற் பேராலயப் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் செல்வத்தை ஏழைகட்கு உணவாக வழங்கினார்.

சபைக்குள்ளேயே ஒருவரைக் குருவாக்கலாம் என்று எண்ணி, ஆன்ரி லெரோ என்னும் சகோதரரைப் படிக்கவைத்தார். அவர் திடீரென இறந்தார். அதனைத் தெய்வக் குறிப்பாகக் கொண்ட லா சால், தம் சகோதரர் எவரும் குருவாதல் வேண்டா என முடிவு செய்தார். பலிபீடத்தின் கடமைகள் பள்ளியிலிருந்து அவர்களைப் பிரித்துவிடும் என்பதும், ஒரு வீட்டிற் சிலர் உயர்ந்தார், சிலர் தாழ்ந்தார் என்னும் வேற்றுமை புகுந்துவிடும் என்பதும் அம்முடிவால் தவிர்க்கப்பட்டன. இலத்தீனிற் படிப்புத் தொடங்கும் வழக்கத்தை விட்டுத் தாய்மொழியாகிய பிரெஞ்சில் முதலில் வாசிக்கக் கற்பித்ததும் இவர் பள்ளிகளின் சிறப்பு. 1719-இல் மறைந்த இவரை 1950-இற் பன்னிரண்டாம் பத்திநாதர் ஆசிரியர் அனைவர்க்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

சோதித்தறியும் படிகள்

இன்று ஓர் இளைஞன் தனக்கு இவ்வழைத்தல் உண்டென்று கருதினால், அவன் கருத்து மட்டும் போதாது. அவனை ஏற்கும் சபையும் அதனை ஆராய வேண்டும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இதற்கு அளவு வகுத்துள்ளது. 17 வயது நிரம்பாதவனை நவதுறவகத்திற் சேர்த்தல் ஆகாது. தீர்க்க இயலாத கடன் உள்ளவனையும் சேர்த்தல் ஆகாது. துறவு கடனுக்கு ஒளிவிடம் ஆகிவிடலாகாதன்றோ? நவதுறவகத்தில் 12 மாதமேனும் பயிலவேண்டும். அக்காலத்தில் அவன் எந்நாளும் வெளியேறலாம். சபையும் அவனை அனுப்பிவிடலாம். அதன்பின் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளைக் குறிப்பிட்ட காலத்திற்கு அளிப்பான். அக்காலம் 3 ஆண்டுக்குக் குறையாது. 6 ஆண்டுக்கு மிகாது. சிறப்புக் காரணம் இருப்பின் 9 ஆண்டுவரை நீளலாம். 21 வயது நிரம்பிய பின்னரே வாழ்நாள் முழுமைக்குமான நித்திய வார்த்தைப்பாடு.

சட்டம் அளவிடாத சோதனையும் ஒன்று உண்டு. அது வீட்டில் நிகழ்வது. மகன் குருவானால் ஊரார் போற்றுவர். முதற் பூசை நாளிற் பெற்றோர்க்கு மாலை விழும். மகன் சகோதரரானால் அத்தகைய நாள் வருவதில்லை. மணமும் இல்லை, மாலையும் இல்லை என்றால் பெற்றோர் மனம் கலங்குவது இயல்பே. இச்சிறப்பின்மையை மனமுவந்து ஏற்பவனுக்கே இவ்வாழ்வு ஏற்றது. ஏற்றபின் வாழ்வு எளியது, ஆயின் இலகுவானதன்று. ஈட்டும் ஊதியம் பொதுப் பணப்பைக்குச் செல்லும். விடியலிற் கூட்டுச் செபம், பின்பு பணி, மாலையில் மீண்டும் செபம். உடன் வாழ்வோரைத் தானே தேர்ந்துகொள்ள இயலாது. உடன்பிறந்தாரை எவரும் தேர்ந்துகொள்வதில்லை என்பதை நினைந்தால், அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

மலேசியாவில்

ஜொகூர் பாருவைச் சார்ந்த பெர்மாஸ் ஜெயா 1972-இல் அமைந்த மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டத்தின் எல்லையுள் அடங்கும். அவ்வூரில் வாழும் தமிழ்க் கத்தோலிக்க இளைஞன் ஞாயிறுதோறும் காண்பது குருவையே. சகோதரரைக் காண்பது அரிது. அவன் ஜலசந்தியைக் கடந்து சிங்கப்பூரின் பிராஸ் பாசா சாலைக்குச் சென்றால், 1996-இற் கலை அரும்பொருளகமாகிய பழைய கட்டடம் ஒன்றைக் காண்பான். 1988 வரை அதுவே செயின்ட் ஜோசப் கல்விக்கூடம். பேரல் என்னும் பிரெஞ்சுக் குருவின் முயற்சியால் 1852-இல் வந்திறங்கிய லா சால் சகோதரர் தொடங்கிய பள்ளி அது. அதே ஆண்டிற் பினாங்குச் செயின்ட் சேவியர் பள்ளியும் அவர்கள் பொறுப்பில் வந்தது. 1904-இற் கோலாலம்பூர்ச் செயின்ட் ஜான், 1912-இல் ஈப்போ செயின்ட் மைக்கேல் எனப் பள்ளிகள் பெருகின. சமயமும் இனமும் பாராது பயின்ற மாணவருள் தமிழரும் பலர்.

விடுதலைக்குப் பின் இப்பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்பினுள் வந்தன. முதிய சகோதரர் ஓய்வு பெற்றனர். புதியவர் தொகை சுருங்கிற்று. தலைமையாசிரியர் இருக்கையிற் சகோதரர் அமர்ந்த காலம் சென்றது. அப்போது ஒரு வினா எழுந்தது: பள்ளி போனபின் சகோதரர் எதற்கு? தொழிலே அழைத்தலாயின், தொழில் நீங்கியவுடன் அழைத்தலும் நீங்கியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. மலேசிய லா சால் சகோதரர் அந்தோணி ரோஜர்ஸ் மனித மேம்பாட்டுப் பணியில் ஈடுபட்டவர். 1987-இல் 'லாலாங் நடவடிக்கை'யின்போது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டோருள் அவரும் ஒருவர். களம் மாறினும் வார்த்தைப்பாடு மாறவில்லை.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், குருத்துவம் பெறாத துறவு வாழ்வு தன்னளவில் முழுமையுடைய நிலை எனத் தெளிவுறுத்தியது. 2015-இல் வத்திக்கான் சகோதரரைப் பற்றித் தனி ஏடொன்றே வெளியிட்டது. ஆண் துறவியருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே சகோதரர் என அது கூறிற்று. தொகை சிறிதே. எனினும் ஆசிரியத் தொழிலை அறிந்தவர்க்கு இவ்வாழ்வின் பயன் விளங்காமற் போகாது. மாணவன் மேலே செல்லச் செல்ல, ஆசிரியர் இருந்த இடத்திலேயே இருப்பார். அடுத்த சிறுவனுக்கு அதே அகரத்தைத் தொடங்குவார். அவரை நோக்கி, ஏன் இன்னும் மேலேறவில்லை என்று எவரும் இரங்குவதில்லை. சகோதரர்க்கும் அந்த இரக்கம் வேண்டா.