பனிக்காலம் வருகிறது: கணப்பு மூட்டுமுன் கவனிக்க வேண்டியவை

ஐப்பசி மழை ஓய ஓய மலை ஊர்களில் பனி இறங்கத் தொடங்கிவிடும். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் தலைக்குந்தா, காந்தல் போன்ற பகுதிகளில் குளிர் பூஜ்யம் டிகிரிக்கு அருகில் போவதும், விடியற்காலையில் புல்வெளி வெள்ளை விரித்தாற்போல் கிடப்பதும் அங்கே கடை நடத்துவோருக்குப் புதிதல்ல. கடைக்குச் சரக்கு சேர்ப்பதைப் போலவே, வீட்டுக்கும் கடைக்கும் சூடு சேர்க்கும் ஏற்பாட்டையும் பனிக்கு முன்பே நாம் முடித்துக்கொள்ள வேண்டும்.

இதில் முதலில் பார்க்க வேண்டியது நெருப்பை அல்ல, காற்றை. குளிருக்குப் பயந்து கதவையும் ஜன்னலையும் இறுக மூடிவிட்டு, உள்ளே கரி நெருப்பை வைத்துக்கொள்ளும் பழக்கம் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்தவர்கள் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி, விடிந்தபோது உயிரோடு இல்லை என்ற செய்தியை நாம் படித்திருக்கிறோம்.

புகையில்லாத கரியே பொல்லாதது

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. நம் இரத்தத்தில் பிராண வாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், பிராண வாயுவைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பற்றுதலோடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் காற்றில் இது சிறிதளவு கலந்தாலே உடம்புக்குப் பிராண வாயு கிடைக்காமல் போகிறது. தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி, கைகால் சோர்வு ஆகியவை முதல் அறிகுறிகள். தூங்குகிறவருக்கு இவை தெரிவதில்லை. தூக்கத்திலேயே மயக்கம் வந்துவிடுகிறது.

விறகு புகைந்தால் நாம் எழுந்து கதவைத் திறந்துவிடுவோம். சாம்பல் பூத்த கரியில் புகை தெரியாததால், 'நெருப்பு அடங்கிவிட்டது, இனிப் பயமில்லை' என்று உள்ளே எடுத்து வைக்கிறோம். உண்மையில் அந்தத் தணலிலிருந்து நச்சு வாயு வந்துகொண்டேதான் இருக்கும். ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருக்கிறதே என்ற சமாதானமும் போதாது. படுக்கும் அறைக்குள் கரிச்சட்டி வேண்டவே வேண்டாம்.

கடைக்குள் படுப்பவர்கள்

கடைப் பையன்களும் காவலுக்கு இருப்பவர்களும் இரவில் கடைக்குள்ளேயே படுப்பது பல இடங்களில் வழக்கம். ஷட்டரை இறக்கிவிட்டால் மளிகைக் கடை ஒரு பெட்டி போலத்தான். மூட்டைகள் அடுக்கிய இடத்தில் காற்றோட்டம் இன்னும் குறைவு. சாக்கும், தீப்பெட்டிக் கட்டும், சூடமும், எண்ணெயும் இருக்கும் இடத்தில் தணலை வைப்பது தீ விபத்துக்கும் அழைப்பு. நம்மை நம்பி வெளியூரிலிருந்து வந்து வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு கம்பளியும், தரைக்குளிர் ஏறாதபடி ஒரு மரப்பலகையும் மெத்தையும் வாங்கிக் கொடுப்பது பெரிய செலவல்ல. 'கரிச்சட்டி உள்ளே வரக்கூடாது' என்று முதலாளி தம் வாயால் சொல்லிவிட வேண்டும்.

புகைபோக்கி உள்ள வீடுகள்

பழைய பங்களா வீடுகளில் சுவரோடு கட்டிய கணப்படுப்பு இருக்கும். ஆண்டு முழுவதும் சும்மா கிடந்த புகைபோக்கியில் பறவைக் கூடு, சருகு, பழைய கரிப்பிசின் எல்லாம் அடைத்திருக்கும். அடைப்பு இருந்தால் நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பும். பிசின் தடித்திருந்தால் புகைபோக்கியே தீப்பற்றும். எனவே பருவத்தின் முதல் நெருப்புக்கு முன் ஆள் வைத்துச் சுத்தம் செய்து, விரிசல் இருந்தால் பூசிவிட வேண்டும்.

விறகிலும் கவனம் தேவை. புதிதாக வெட்டிய கட்டையின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர்தான். சீகையோ கற்பூர மரமோ, பிளந்து அடுக்கி, மழை படாமல் ஆறு மாதத்துக்குக் குறையாமல் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகை எரித்தால் சூடு குறைவு, புகையும் பிசினும் அதிகம். சாம்பலை உடனே சாக்கிலோ அட்டைப் பெட்டியிலோ கொட்டக்கூடாது. உள்ளே தணல் நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே வைப்பதே முறை.

மின்சார ஹீட்டர்

நச்சு வாயு பயம் இல்லாதது மின்சார ஹீட்டர். ஆனால் 2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். விளக்குக்குப் போட்ட சிறிய பிளக் இதைத் தாங்காது. 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேரடியாகச் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டக்கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கி, மூட்டை, திரை, படுக்கை ஆகியவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். பழைய ஒயரிங்கை மின்பணியாளரிடம் காட்டி, கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்திக்கொள்வது நல்லது.

செலவுக் கணக்கும் எளிது. இந்த ஹீட்டர் இடைவிடாமல் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். தினம் நான்கு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 240 யூனிட். கடை இணைப்புக்கு வணிகக் கட்டணம் என்பதையும் மறக்க வேண்டாம். கதவிடுக்கையும் கூரை ஓட்டையையும் அடைத்துவிட்டு ஹீட்டர் போட்டால் அறை சீக்கிரமே சூடேறும். இந்த அடைப்பு வேலை மின்சார ஹீட்டர் உள்ள அறைக்கு மட்டுமே. நெருப்பு எரியும் அறைக்கல்ல.

குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்போர், கரிக்குச் சொன்ன எச்சரிக்கை அதற்கும் பொருந்தும் என்பதை அறிய வேண்டும். காற்று வர வழியும், எரிந்த வாயு வெளியேறக் குழாயும் இல்லாத இடத்தில் அது கூடாது.

எண்ணெய் டின்

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். காலையில் அளந்து கொடுக்க முடியவில்லை என்று டின்னை அடுப்பருகில் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். அகலப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அதில் டின்னை இறக்கி வைத்தால், சற்று நேரத்தில் தானே இளகும்.

விற்பவர் கடமை

கரி விற்பதும் நாம்தான். அறை எடுத்துத் தங்க வந்தவர் இரண்டு கிலோ கரி கேட்டால், 'வெளியில் வைத்து மூட்டுங்கள், அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுப்போம். பையின் மேல் அதை எழுதி ஒட்டுவது இன்னும் நல்லது. அந்த ஒரு வரியால் வியாபாரம் குறையாது, ஒரு குடும்பம் பிழைக்கும்.

ஆபத்து நேர்ந்தால்

மூடிய அறையில் யாராவது மயங்கிக் கிடந்தால், முதலில் கதவு, ஜன்னல், ஷட்டரைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து, 108-ஐ அழையுங்கள். மயக்கம் தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள நச்சு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரமாகும். மருத்துவமனையில் பிராண வாயு செலுத்தினால் அது விரைவில் நீங்கும்.

உறுப்பினர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கல்லாப்பெட்டி அருகே ஒட்டி, கடைப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.