கடல் கடந்து வரும் பணம்: சங்கத்தின் பெயரில் இணையக் கணக்குத் திறப்பது எவ்வாறு?

கூட்டுறவின் பயன் உற்பத்தியோடு முடிவதன்று. விற்ற பொருளின் விலை குறைவின்றி உற்பத்தியாளர் கைக்கு வந்து சேரும்போதுதான் அது நிறைவு பெறுகிறது. திருப்பூர்ப் பின்னலாடைகள் பெட்டகங்களில் ஏறித் தூத்துக்குடித் துறைமுகம் வழியே கடல் கடந்து செல்கின்றன. அவற்றின் விலை, ‘எல்.சி.’ என வழங்கும் வங்கி உறுதிக் கடிதத்தின் பேரிலோ, வங்கிக்கு வங்கி மாற்றாகவோ வந்து சேருகிறது. பெருந்தொகைக்கு அது தகுந்த முறையே. ஆனால் அயல்நாட்டிலுள்ள ஒரு குடும்பம் சென்னிமலைப் போர்வை ஒன்றையோ, பவானி ஜமுக்காளம் ஒன்றையோ விரும்பிக் கேட்குமாயின், அந்தச் சிறு தொகைக்கு எல்.சி. திறப்பார் எவருமில்லை. அவர்கள் தம் வங்கி அட்டையைக் கொண்டு இணையத்தின் வழியே பணம் செலுத்தவே விரும்புவர். அப்பணத்தை வாங்கி நம்மிடம் சேர்ப்பிக்கும் நிறுவனங்களையே இணையப் பணப் பட்டுவாடா நிறுவனங்கள் என்கிறோம். அவற்றில் நமது சங்கங்கள் கணக்குத் திறக்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

அயலார் யார்?

முதலில் ஒன்றை உணர வேண்டும். அயல்நாட்டிலிருந்து நடத்தப்படும் ஒரு பட்டுவாடா நிறுவனத்தின் கண்ணுக்கு ‘வெளிநாட்டுக் கம்பெனி’ நாமேயாவோம். நாம் எந்த நாட்டில், எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றோம், நமது உரிமையாளர் யார், நமது வங்கிக் கணக்கு எங்குள்ளது என்று அது கேட்கும். இது அவமதிப்பன்று. களவுப் பணம் தன் வழியாகச் செல்லாதிருக்கப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எல்லா நாட்டுச் சட்டங்களும் அதன்மேல் சுமத்தியுள்ளன. அதே காரணத்தால், தனக்கு உரிமம் இல்லாத நாட்டினருக்கு அது கணக்குத் தருவதில்லை.

இவ்வழியில் நம் நாட்டார் பட்ட அனுபவமும் நினைவில் நிற்கத் தக்கது. 2010 பிப்ரவரியில் பேபால் நிறுவனம் இந்தியாவுக்கும் இந்தியாவிலிருந்தும் செல்லும் தனிநபர் பட்டுவாடாக்களை நிறுத்தியது. இந்திய வங்கிகளுக்குப் பணத்தை மாற்றுவதும் சில வாரங்கள் தடைப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி இத்தகைய பட்டுவாடாவுக்கு முறையான விதிகளை வகுத்து, ஏற்றுமதி விற்பனை ஒன்றுக்கு 500 டாலர் என வரம்பு கட்டியது. அது 2011-இல் 3,000 டாலராகவும், 2013-இல் 10,000 டாலராகவும் உயர்த்தப்பட்டது. 2023 அக்டோபர் 31-இல் புதிய ஏற்பாடு வந்தது. அதன்படி, எல்லை கடந்த பட்டுவாடாவில் ஈடுபடும் வங்கியல்லாத நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் நேரடி அனுமதியைப் பெற்றாக வேண்டும். ஒரு விற்பனைக்கு 25 இலட்சம் ரூபாய் உச்சவரம்பு. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி தனது இணையதளத்தில் வெளியிடுகிறது. எந்த நிறுவனத்தின் பிரதிநிதி வந்து எத்தனை இனிமையாகப் பேசினாலும், அப்பட்டியலில் அதன் பெயரைக் கண்ட பின்னரே சங்கம் கையொப்பமிட வேண்டும்.

ஆயத்தங்கள்

கணக்குத் திறக்கும் முன் நான்கு காரியங்கள் முடிந்திருக்க வேண்டும்.

முதலாவது, நிர்வாகக் குழுவின் தீர்மானம். எந்த நிறுவனத்தில், எந்த வியாபாரத்துக்காக, எவர் கையொப்பத்தில் கணக்குத் திறக்கப்படுகிறது என்பதைத் தீர்மானம் தெளிவாகக் கூற வேண்டும்.

இரண்டாவது, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். இதனை அயல்நாட்டு வாணிபத் தலைமை இயக்ககம் இணையத்தின் வழியே வழங்குகிறது. சங்கத்தின் வருமான வரி நிரந்தரக் கணக்கு எண்ணே இவ்வெண்ணாகவும் அமையும். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் முடிய உள்ள காலத்தில் இதன் விவரங்களை உறுதி செய்தல் கட்டாயம்.

மூன்றாவது, அன்னியச் செலாவணி நடத்த அதிகாரம் பெற்ற வங்கியில் ஒரு கணக்கு. நமது சங்கங்களின் பற்றுவரவு பெரும்பாலும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலேயே நடைபெறுகிறது. வேறு வங்கியில் கணக்கு வேண்டியிருப்பின், துணைவிதிகளைப் பார்த்து, துறை அதிகாரிகளின் இசைவு வேண்டுமா என்பதையும் முன்னரே கேட்டறிதல் நலம்.

நான்காவது, சரக்கு சேவை வரியின் கீழ், வரி செலுத்தாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிப் பத்திரம். இதனை நிதியாண்டுதோறும் புதிதாக அளிக்க வேண்டும்.

இவை அனைத்திலும் சங்கத்தின் பெயர் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும். பதிவுச் சான்றில் முழுப் பெயரும், வங்கியில் சுருக்கப் பெயரும், விண்ணப்பத்தில் வணிகப் பெயரும் இருந்தால், இயந்திரம் மூன்றையும் மூன்று நிறுவனங்களாகவே கொள்ளும். விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

உரிமையாளர் எவர்?

விண்ணப்பத்தில் கூட்டுறவுச் சங்கங்களைத் திகைக்க வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘நிறுவனத்தின் பெரும்பங்கு உரிமையாளர் எவர்?’ என்பதே அது. தனியார் கம்பெனிக்கு இதற்கு விடை எளிது. முந்நூறு நெசவாளர் ஆளுக்கொரு பங்கும் ஆளுக்கொரு வாக்கும் கொண்ட சங்கத்தில் பெரும்பங்கு எவருக்கும் இல்லை. இந்நிலையில் தலைவரையோ செயலாளரையோ ‘உரிமையாளர்’ என எழுதிவிடுவது தவறு. அவ்வாறான உரிமையாளர் எவருமில்லை என்று குறித்து, நிர்வாகப் பொறுப்பிலுள்ள தலைமை அதிகாரியின் விவரத்தைத் தர வேண்டும். நம் நாட்டுப் பணமோசடித் தடுப்பு விதிகளும் இம்முறையை ஏற்கின்றன. துணைவிதிகளின் நகலையும் உடன் இணைத்தால் ஐயம் தீரும்.

இதனினும் முக்கியமானது மற்றொன்று. விரைவில் வேலை முடியட்டும் என்று ஊழியர் ஒருவரின் சொந்தப் பெயரிலும், அவரது சொந்தக் கைப்பேசி எண்ணிலும் கணக்கைத் திறந்துவிடலாகாது. அவர் மாறிப்போனால் கடவுச்சொல் அவரோடு போய்விடும். பணமும் சட்டப்படி அவருடையதாகவே காணப்படும். தணிக்கையில் அதற்கு விடை கூற இயலாது. சங்கத்தின் மின்னஞ்சலும் சங்கத்தின் தொலைபேசி எண்ணுமே கணக்கில் இருக்க வேண்டும். தேர்தலில் நிர்வாகம் மாறும்போதெல்லாம் கையொப்ப அதிகாரத்தையும் மாற்றிப் பதிய வேண்டும்.

கட்டணமும் தகராறும்

கட்டணம் இரு வாயில்களில் நுழைகிறது. ஒன்று பட்டுவாடாக் கட்டணம். மற்றொன்று டாலரை ரூபாயாக்கும்போது சந்தை விலையினும் குறைத்துத் தருவது. ஒரு போர்வை 40 டாலருக்கு விற்கிறது என்றும், கட்டணம் 4 சதவீதம், நாணய மாற்றில் கழிவு 3 சதவீதம் என்றும் கொள்வோம். முதலில் 1 டாலர் 60 சென்ட் போகும். எஞ்சிய 38.40 டாலரில் மேலும் 1 டாலர் 15 சென்ட் போகும். ஆக 2 டாலர் 75 சென்ட் நஷ்டம். போர்வையில் சங்கத்துக்குக் கிடைக்கக்கூடிய உபரி 4 டாலர் எனின், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடுகிறது. கூலி முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டதால், இந்நஷ்டம் ஆண்டு முடிவில் அங்கத்தினரின் போனசிலும் பங்காதாயத்திலும்தான் விழும். ஆகவே விலை நிர்ணயிக்கும்போதே இவ்விரு கழிவுகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

வாங்கியவர், சரக்கு வரவில்லை என்றோ, சொன்னபடி இல்லை என்றோ முறையிடவும் கூடும். பேபாலில் இதற்குப் பணம் செலுத்திய நாள் முதல் 180 நாள் அவகாசம் உண்டு. தபால் ரசீது, கண்காணிப்பு எண், அனுப்புமுன் எடுத்த புகைப்படம் ஆகியவற்றை அதுவரை பாதுகாத்தால் நியாயம் நம் பக்கம் நிற்கும். சிறு பொட்டலங்களை அனுப்ப, 2022 முதல் அஞ்சல் துறை ஏற்றுமதி மையங்களைத் திறந்துள்ளது. அங்குத் தரும் ஏற்றுமதிப் பத்திரத்தில் உள்ள தொகையும் வங்கிக்கு வந்த தொகையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஏற்றுமதிப் பணம் நாட்டுக்குள் வந்து சேர்வதற்கான காலக்கெடு 2025 நவம்பரில் 9 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டிக்கப்பட்டது. நீட்டித்தார்கள் என்பதற்காக நாம் அசட்டையாக இருத்தல் ஆகாது.

வெளிநாட்டில் கம்பெனி வேண்டுமா?

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்திலோ எஸ்தோனியாவிலோ ஒரு கம்பெனியைப் பதிவு செய்துகொண்டால் எந்தப் பட்டுவாடா நிறுவனமும் கணக்குத் தந்துவிடும் என்று கூறுவோர் உளர். எஸ்தோனியா 2014 முதல் வெளிநாட்டாருக்கு மின்வழி அடையாள அட்டை வழங்கி வருவது உண்மை. ஆனால் அந்த அட்டை குடியுரிமையையோ வங்கிக் கணக்கையோ தானே தந்துவிடாது. அங்கொரு கம்பெனி வைத்தால் அந்நாட்டுக் கணக்கு, அந்நாட்டு வரி, நம் நாட்டின் 2022-ஆம் ஆண்டு வெளிநாட்டு முதலீட்டு விதிகள் ஆகிய மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். அங்கத்தினரின் பங்குத் தொகையைக் கொண்டு அத்தகைய பாரத்தைச் சுமக்கச் சங்கத்துக்கு அவசியம் இல்லை. உள்நாட்டிலேயே அனுமதி பெற்ற வழி இருக்க, சுற்றுவழி எதற்கு?

முதலில் ஒரே ஒரு கணக்கு, ஒரே ஒரு பொருள், சில விற்பனைகள் என்று தொடங்குவோம். பணம் எத்தனை நாளில் வந்தது, எவ்வளவு கழிந்தது என்பதை ஒரு பேரேட்டில் தனியே எழுதி, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைப்போம். மஞ்சளும் தேங்காய்ப் பொருள்களும் விளைவிக்கும் நமது விவசாய அங்கத்தினர்களும் அக்கணக்கைப் பார்த்துத் தத்தம் சங்கங்களில் முடிவு செய்யலாம். தறியில் ஓர் இழை அறுந்தால் உடனே முடிபோடுவது நம் வழக்கம். கடல் கடந்து வரும் கணக்கிலும் அந்தக் கவனத்தைச் செலுத்துவோமாக.