நோன்பும் அளவூணும்

உடற்பருமனைக் குறைக்க விரும்புவோர்க்கு இருவழிகள் கூறப்படுகின்றன. ஒன்று, இடையிட்டு நோன்பிருத்தல். மற்றையது, நாடோறும் உணவைச் சிறிதளவு குறைத்து உண்ணல். இவற்றுள் எது சிறந்தது என்பது ஈண்டு ஆராயப்படும்.

உண்ணாதபோது உடல் முதலில் ஈரலிற் சேமித்த கிளைக்கோசனையும் பின்னர்ப் பெரும்பாலும் கொழுப்பையும் பயன்படுத்துகின்றது. ஆகலின் நோன்புக்குத் தனியாற்றல் உண்டெனப் பலர் கருதுவர். சிக்காகோ நகரில் நூறு பேரைக்கொண்டு நடாத்தப்பெற்று 2017 இல் வெளியான ஆய்வு இதனைச் சோதித்தது. முதல் ஆறு மாதம் ஒரு சாரார்க்கு நாடோறும் தேவையின் 75 சதவீத உணவும், மற்றொரு சாரார்க்கு ஒருநாள் 25 சதவீதமும் மறுநாள் 125 சதவீதமும் விதிக்கப்பட்டன. இரண்டின் சராசரியும் ஒன்றே. ஓராண்டின் முடிவில், வழமைபோல் உண்டோருடன் ஒப்பிட, அளவூணாளர் 5.3 சதவீதமும் நோன்பாளர் 6.0 சதவீதமும் எடை குறைந்தனர். இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று. நோன்பாளர் நோன்புநாளில் விதித்ததினும் மிகுதியாகவும், மறுநாளிற் குறைவாகவும் உண்டு, அளவூண் முறையையே அணுகினர். இடையில் விலகியோர் நோன்பாளருள் 38 சதவீதம். அளவூணாளருள் 29 சதவீதம்.

எனவே, எடையைக் குறைப்பது மொத்த உணவின் அளவே என்பது பெறப்படும். ஒருவர் நெடுநாள் தளராது கைக்கொள்ளத்தக்க முறையே அவர்க்கு உகந்தது. இன்சுலின் முதலிய மருந்து கொள்ளும் நீரிழிவு நோயாளர் உண்ணாதிருப்பின் குருதியிற் சர்க்கரை ஆபத்தான அளவிற்குக் குறையக்கூடும். அன்னார் மருத்துவரைக் கேளாது நோன்பை மேற்கொள்ளலாகாது. சமயவிரதத்தின் பயன் வேறு. அதனை எடைத்தராசில் இட்டு அளத்தல் பொருந்தாது.