கொல்லிமலைக்கு ஒரு கோச்!

காரவள்ளியைத் தாண்டியதும் பஸ் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அங்கிருந்து கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் பத்து வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டு, முன் ஸீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று தோன்றியது. செம்மேட்டில் இறங்கியபோது ஜிலுஜிலுவென்று காற்று முகத்தில் அடித்தது. மிளகுக் கொடி, காப்பிச் செடி, பலா, வாழை என்று பார்த்த இடமெல்லாம் பச்சை.

அறப்பளீசுவரரைத் தரிசிக்க வேண்டும், ஆகாச கங்கை அருவியில் குளிக்க வேண்டும் என்றுதான் நான் போனேன். கால்பந்தைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் கனவிலும் இல்லை. ஆனால் டீக்கடையில் ஒரு வாக்குவாதம் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

ஏழெட்டு வாலிபர்கள். நடுவில் ஒரு பழைய பந்து. ஆளுக்கு ஆள் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன தம்பி, சண்டையா?” என்று கேட்டேன்.

“சண்டை இல்லீங்க ஸார். அடுத்த டோர்னமெண்டு வருதுங்க. போன வருஷம் ஆடின ஆட்டம் எல்லாத்திலேயும் தோத்துட்டோம். இந்தத் தடவை கையிலே கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கு. ராசிபுரத்திலேருந்து நல்லா ஆடுறவங்க ரெண்டு பேரைக் காசு கொடுத்துக் கூட்டியாரலாம்னு நான் சொல்றேன். புது ஜெர்ஸியும் பூட்ஸும் வாங்கலாம்னு இவங்க சொல்றாங்க.”

டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். “ஆடுறவனைக் கூட்டியாந்தா அவன் ஆடிட்டுப் போயிடுவான். சொல்லிக்கொடுக்கறவனைக் கூட்டியாந்தா நீங்க ஆடுவீங்கடா” என்றார்.

பையன்கள் சிரித்தார்கள். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவர் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்பதற்கு நம் நாட்டுக் கால்பந்துச் சரித்திரமே சாட்சி சொல்லுமே!

வெறுங்காலும் பத்து கோலும்

1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியக் கோஷ்டி பிரான்ஸை எதிர்த்து ஆடியது. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். நமக்காகக் கோல் போட்டவர் சாரங்கபாணி ராமன். ஆனால் கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் கோட்டை விட்டுவிட்டு, 2-1 என்ற கணக்கில் தோற்றுத் திரும்பினோம். நான்கு ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கியில் நடந்தது அதைவிட மோசம். யுகோஸ்லாவியா நம் வலைக்குள் பத்து கோல்களை அடித்துத் தள்ளியது. நாம் போட்டது ஒன்றே ஒன்று!

அதே இந்தியா 1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடத்தைப் பிடித்தது. ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று தோற்கடித்தது. அந்த ஆட்டத்தில் நெவில் டிசூஸா மூன்று கோல்கள் போட்டார். நான்கே ஆண்டுகளில் இந்த மாற்றம் எப்படி வந்தது?

நல்ல ஆட்டக்காரர்கள் கிடைத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்களைக் கண்டுபிடித்துப் பழக்கியவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஸையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர். பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்தவர். 1950 முதல் இந்தியக் கோஷ்டிக்குப் பயிற்சி அளித்தவர் அவர்தான்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. ஹெல்சிங்கியில் பத்து கோல் வாங்கியபோதும் பயிற்சியாளர் இதே ரஹீம்தான். பயிற்சியாளர் மந்திரவாதி அல்ல. ஆனால் தோல்வியை உட்கார்ந்து படிக்கத் தெரிந்தவர். எங்கே இடித்தது, ஏன் இடித்தது என்று பார்த்து, அடுத்த தடவை அந்த இடத்தில் இடிக்காமல் பார்த்துக்கொள்பவர்.

செலவில்லாத வித்தைகள்

ரஹீம் கையாண்ட முறைகளைக் கேட்டால், ‘இவ்வளவுதானா!’ என்று தோன்றும். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டக் கூடாது, வந்ததும் அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும் என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். வலக்கால் பழக்கம் உள்ளவன் இடக்காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று இன்னொரு போட்டி. இதற்கெல்லாம் ஒரு பைசா செலவு உண்டா? இப்படிப் பழகிய ஹைதராபாத் போலீஸ் கோஷ்டி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையைத் தட்டிக்கொண்டு போயிற்று.

ஆளைத் தேடிப் பிடிப்பதிலும் அவர் கெட்டிக்காரர். ஸிகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஏழைப் பையன் துளசிதாஸ் பலராம். பயிற்சிக்கு வந்து போகப் பணமில்லை. வாடகைச் சைக்கிளுக்கு ரஹீம் தினம் ஒரு ரூபாய் கொடுத்து அவரை வரவழைத்தார். அந்த ஒரு ரூபாய் வீண்போகவில்லை. பலராம் 1956 மெல்போர்னிலும் 1960 ரோமிலும் ஆடினார். 1962ல் ஆசியத் தங்கம் வென்ற கோஷ்டியிலும் இருந்தார்.

ஜகார்த்தாவில் நடந்தது

அந்த 1962ஆம் ஆண்டுக் கதைதான் செம்மேட்டுப் பையன்கள் அவசியம் கேட்க வேண்டியது. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் பந்தயம். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை ஜெயித்தோம். ஆனால் பின்வரிசைத் தூணாக நின்ற ஜர்னைல் சிங்குக்கு மண்டையில் அடி. தையல் போட வேண்டியதாயிற்று.

வேறொருவராக இருந்தால் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் யோசித்தார். ஜர்னைல் சிங் சிறுவயதில் முன்வரிசையில் ஆடிப் பழகியவர். ஆகவே அரை இறுதியிலும் இறுதியிலும் அவரைச் சென்டர் பார்வர்டாக நிறுத்தினார். இரண்டு ஆட்டத்திலும் ஜர்னைல் கோல் போட்டார்!

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது, முதல் நாள் நம்மை வீழ்த்திய அதே தென்கொரியா. மைதானம் நிறைய ஜனங்கள் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்த பீட்டர் தங்கராஜ் கோலில் நின்றார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1 என்று தங்கம் நமக்கு.

அந்தத் தங்கராஜின் கதையும் சுவையானதுதான். நீலகிரி மலையில் வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் சேர்ந்தபோது அவர் முன்வரிசை ஆட்டக்காரர். பிறகுதான் கோல் காக்கும் வேலைக்கு மாறினார். அந்த மலைமேல் கோஷ்டி 1955லும் 1958லும் டுராண்ட் கோப்பையை வென்றது. மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் ஜெயிக்க முடியாது என்று யார் சொன்னது?

ரஹீம் 1963 ஜூன் மாதம் புற்றுநோயால் காலமானார். அதற்குப் பிறகு ஆசியப் பந்தயத்தில் இந்தியக் கால்பந்துக்குத் தங்கம் கிடைக்கவில்லை. 1970ல் பாங்காக்கில் கிடைத்த வெண்கலமே கடைசிப் பதக்கம். ஒரு நல்ல வாத்தியாரை இழப்பதன் நஷ்டம் எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

சென்னையில் கண்ட அதிசயம்

‘அது பழங்கதை, ஸார்!’ என்று சில வாசகர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சரி, டெலிவிஷனில் நீங்களே பார்த்த கதைக்கு வருவோம்.

2019ஆம் ஆண்டு கடைசியில் சென்னையின் எப்.ஸி. கோஷ்டி பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட விழவில்லை. ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி, ஐந்தே புள்ளிகள். பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகினார். அவரும் லேசுப்பட்டவர் அல்ல. 2017-18ல் அதே கோஷ்டிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்தான். ஆனாலும் ஒரே குரலைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போவதும் உண்டல்லவா?

டிஸம்பரில் ஓவன் காயில் வந்தார். பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள்தான். மீதியிருந்த பன்னிரண்டு ஆட்டங்களில் 24 புள்ளிகள் சேர்ந்தன! நான்காவது இடம். அரை இறுதியில் இரண்டு ஆட்டங்களும் சேர்த்து கோவாவை 6-5 என்று வென்று, 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை போனார்கள். அங்கே ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றார்கள் என்பது வேறு விஷயம். வால்ஸ்கிஸ் என்ற லிதுவேனியாக்காரர் மொத்தம் பதினைந்து கோல்கள் போட்டார். புது வாத்தியார் வந்தபோது அவரும் ஏற்கெனவே கோஷ்டியில் இருந்தவர்தான்.

மாலை ஆட்டம்

இதையெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். “சாயங்காலம் எங்க ஆட்டத்தைப் பார்த்துட்டுப் போங்க ஸார்” என்றார்கள். போனேன்.

மைதானம் ஒரு பக்கம் சரிவு. பந்து எல்லை தாண்டினால் காப்பித் தோட்டத்துக்குள் ஓடிவிடும். பையன்களுடைய மூச்சைப் பார்த்து அசந்துபோனேன். தினம் மேடும் பள்ளமும் ஏறி இறங்குகிற கால்கள் அல்லவா! ஓட்டத்தில் குறையே இல்லை. ஆனால் பந்து எங்கே போகிறதோ அங்கே பத்துப் பேரும் பலாச்சுளையை ஈ மொய்ப்பது போல மொய்த்தார்கள். மற்ற இடமெல்லாம் காலி. பந்து இடக்கால் பக்கம் வந்தால், அதை வலக்காலுக்கு மாற்றுவதற்குள் எதிரி பறித்துக்கொண்டு போய்விடுகிறான். கையால் பந்தை உள்ளே எறியும்போது காலைத் தூக்கிவிடுகிறார்கள். எறிதல் எதிரிக்குப் போய்விடுகிறது. வேகமாக ஓட முடியாதவன் எவனோ அவனே கோல்காப்பாளன்!

இதில் ஒன்றாவது பணம் கொடுத்து வாங்குகிற குறையா? ராசிபுரத்து ஆட்டக்காரர் இரண்டு பேர் வந்தால் மட்டும் தீருமா? புது ஜெர்ஸி போட்டால் இடக்கால் பழகிவிடுமா?

ஆறு வாரம் கிடைத்தால் ஒரு நல்ல பயிற்சியாளர் என்ன செய்வார்? முதல் இரண்டு வாரம் ரஹீமின் வித்தைகள்: வந்த பந்தை உடனே தள்ளு, இடக்காலால் ஆடு. அடுத்த இரண்டு வாரம் இடம் பிரித்தல்: நாலு பேருக்கு நாலு பேர் சிறிய ஆட்டம், அவனவன் எல்லையை விட்டு நகரக் கூடாது. கோலில் நிற்பவன் யார் என்பதை அப்போதே முடிவு செய்து, அவனுக்குத் தனிப் பழக்கம். கடைசி இரண்டு வாரம் பக்கத்து ஊர்க் கோஷ்டிகளோடு ஒத்திகை ஆட்டம். ஒவ்வொன்றும் முடிந்ததும் என்ன தப்பு நடந்தது என்று உட்கார்ந்து பேசுவது. இதனால் கோப்பை கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து கோல் வாங்குகிற இடத்தில் இரண்டு வாங்குவார்கள். தோற்கிற ஆட்டம் சமமாகும். சமமாகிற ஆட்டத்தில் ஒன்றிரண்டு ஜெயமாகும். தோற்றே பழகிய பையன்களுக்கு அந்த முதல் ஜெயம் போதாதா?

ஆள் எங்கே?

சொல்வது சுலபம். எழுபது வளைவு ஏறி வந்து சொல்லிக்கொடுக்க யார் வருவார்? இந்தக் கேள்வியோடுதான் நின்றுகொண்டிருந்தேன்.

மைதானத்து ஓரத்தில் ஒரு பையன் முழங்காலில் துணிக்கட்டுடன் உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை அவனால் ஆட முடியாதாம். உள்ளே ஒரு கோல் விழுந்தது. எல்லோரும் கோல்காப்பாளனைத் திட்டினார்கள். இவன் மட்டும் மெல்லிய குரலில், “அவன் மேலே தப்பில்லீங்க ஸார். வலப்பக்கம் நின்னவன் பந்துக்கு ஆசைப்பட்டு நடுவுலே வந்துட்டான். அந்தச் சந்துலேதான் அடிச்சுட்டாங்க” என்றான்.

திரும்பிப் பார்த்தேன். இவன் சொன்னது அப்பட்டமான உண்மை!

“ஏன் தம்பி, இதை அவர்களிடம் சொல்வதுதானே?”

“நான் சொன்னா யாருங்க கேப்பாங்க?”

ஆட்டம் முடிந்ததும் பையன்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் புதிதாகப் பயிற்சியாளராக விரும்புகிறவர்களுக்கு ‘டி’ லைஸென்ஸ் என்ற ஆரம்பப் பயிற்சி வகுப்பு வைத்திருக்கிறது. ஜெர்ஸிக்கு வைத்த பணத்தில் இவனை அதற்கு அனுப்புங்கள். அதுவரை பக்கத்துப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியரைக் காலில் விழுந்தாவது வாரம் இரண்டு நாள் அழைத்து வாருங்கள். காசுக்கு வந்த ஆட்டக்காரன் ஒரு பந்தயத்தோடு போய்விடுவான். கற்றுக்கொண்டு வந்தவன் உங்களோடேயே இருப்பான்.

காப்டனாக இருந்த பையன் தலையைச் சொறிந்தான். “யோசிக்கிறோம் ஸார்” என்றான். டீக்கடைப் பெரியவர் மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

செம்மேட்டில் குதிரைமேல் வில்லோடு வீற்றிருக்கிறான் வல்வில் ஓரி. ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை ஊடுருவ எய்தவன் என்று சங்கப் புலவர் புகழ்ந்த வள்ளல். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவனுக்கு விழா எடுத்து, வில்வித்தைப் போட்டியும் நடத்துகிறார்கள். அவன் குறி பார்த்ததைப் பாடினார்கள். அவனுக்குக் குறி பார்க்கக் கற்றுக்கொடுத்தவன் பெயரை யாரும் பாடவில்லை. ஆனால் அப்படி ஒருவன் இல்லாமலா இருந்திருப்பான்?

பஸ் கிளம்பும் நேரம். ஜன்னல் ஓரமாக யாரோ கம்பியைத் தட்டினார்கள். அந்த முழங்கால் கட்டுப் பையன்தான். நொண்டிக்கொண்டே வந்திருக்கிறான்.

“ஸார், அந்த ஹைதராபாத் வாத்தியார் பேரை இன்னொரு தரம் சொல்லுங்க. எழுதி வச்சுக்கறேன்” என்றான்.

சொன்னேன். அவன் எழுதிக்கொண்டான். பஸ் முதல் வளைவில் இறங்கியது.