உங்களுக்குத் தெரியுமா? பேண்டு இசைக்குக் கிடைத்த தமிழ்நாட்டு இசைத்தட்டு

அமெரிக்க மரைன் படை பேண்டின் இசை 1890-ல் மெழுகு உருளைகளில் பதிவானது. அப்போது ஓர் உருளையிலிருந்து பல பிரதிகள் எடுக்க நல்ல வழியில்லை. வாத்தியக்காரர்களைச் சுற்றி பல ஃபோனோகிராஃப்களை நிறுத்தி, அதே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார்கள்.

கருவியே இல்லாமல் பேண்டு இசையைப் பத்திரப்படுத்திய அருமையான வேலை அதற்கு வெகுகாலம் முன்பே தமிழ்நாட்டில் நடந்துவிட்டது. செய்தவர் கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர். இளவயதில் சென்னையை அடுத்த மணலியில் குடும்பத்தோடு இருந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கே கேட்ட மெட்டுகளுக்குத் தீட்சிதர் வடமொழியில் சாகித்தியம் (பாடல் வரிகள்) எழுதினார். சங்கராபரண ராகத்தில், கமகம் (சுர அசைவு) இன்றி நேராக ஒலிக்கும் இவையே நோட்டுஸ்வரங்கள். சுமார் 40 கிடைத்துள்ளன. ‘சந்ததம் பாஹி மாம்’ பாடலின் மெட்டு, பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டேதான்!

அதே காலத்தில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜியும் (1798–1832) அரண்மனையில் மேலைநாட்டு பேண்டு ஒன்றை வைத்திருந்தார். பேண்டு வாத்தியமான கிளாரினெட் பின்னாளில் சதிர் நாட்டியக் கச்சேரிக்கும், அங்கிருந்து கச்சேரி மேடைக்கும் வந்தது.

இந்தியாவில் கிராமஃபோன் கம்பெனியின் முதல் ஒலிப்பதிவு 1902-ல் கல்கத்தாவில்தான் நடந்தது. நோட்டுஸ்வரங்களோ அதற்கு முன்பே பல தலைமுறைகளின் குரலில் ஏறிவிட்டன. கோவையிலோ ஈரோட்டிலோ பாட்டு வகுப்பில் சேர்ந்த குழந்தை ‘சக்தி சஹித கணபதிம்’ பாடினால், நின்று கேளுங்கள். அது 200 ஆண்டுப் பழைய பேண்டு மெட்டு.