கணினிக்குள் ஒரு பியானோ: எதைத் தேர்ந்தெடுப்பது?

சென்ற மாதம் அறிவியல் கூடத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தபோது, படிவம் 4 மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். “டீச்சர், பியானோ மென்பொருள் வாங்கலாம்னு இருக்கேன். ஒண்ணு 40 கிகாபைட். இன்னொண்ணு அதுல நூத்துல ஒரு பங்குகூட இல்ல. ரெண்டுமே பியானோதானே, எது நல்லது?” என்று கேட்டாள்.

அவள் வீடு அடுக்குமாடியில் எட்டாவது மாடி. உண்மையான பியானோவுக்கு அங்கே இடமில்லை. யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றும் அண்ணனின் பழைய மடிக்கணினியும் இருக்கின்றன. சேர்த்து வைத்த தீபாவளி அங்பாவ் பணம் கையில். ஆண்டிறுதிக் கலை இரவில் ஒரு பாப் பாடலும் ஒரு ஜாஸ் தனி வாசிப்பும் வாசிக்கப் போகிறாளாம். தவறானதை வாங்கிவிட்டால் பணம் போனது போனதுதான்.

உங்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கலாம். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விசைப்பலகை கணினிக்கு ஒலியை அனுப்புவதில்லை. எந்த விசை, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது என்ற எண்களை மட்டும் அனுப்புகிறது. 1983இல் அறிமுகமான ‘மிடி’ எனும் முறை இது. வேகம் 1 முதல் 127 வரையிலான ஓர் எண். அந்த எண்ணை ஒலியாக மாற்றுவதுதான் மென்பொருளின் வேலை.

மாற்றும் வழிகள் இரண்டு. முதலாவது பதிவு முறை. நல்ல பியானோ ஒன்றின் ஒவ்வொரு விசையையும் மெதுவாக, சற்று அழுத்தமாக, இன்னும் அழுத்தமாக அடித்துப் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். நீங்கள் விசையை அழுத்தும்போது பொருத்தமான பதிவு ஒலிக்கும். ஏன் இத்தனை பதிவுகள்? ஒரே பதிவின் ஒலியளவைக் கூட்டிக் குறைத்தால் போதாதா?

போதாது. பியானோவின் சுத்தியல் கம்பளியால் ஆனது. மெதுவாகத் தந்தியைத் தொடும்போது கம்பளி மெத்தென்று இருக்கும். வேகமாக மோதும்போது அது நசுங்கி இறுகிவிடும். இறுகிய சுத்தியல் உயர் அதிர்வெண்களையும் கிளப்பிவிடுகிறது. அதனால் பலமாக அடித்த சுரம் உரத்து ஒலிப்பதோடு நிற்பதில்லை, அதன் குணமே மாறிக் கூர்மையாகிறது. ஒருவர் கத்துவதைப் பதிவு செய்து ஒலியளவைக் குறைத்துக் கேளுங்கள். அது கிசுகிசுப்பாக மாறுகிறதா?

இப்போது கணக்குப் போடுவோம். 88 விசைகள், ஒவ்வொன்றுக்கும் 16 அழுத்த நிலைகள், ஒவ்வொரு பதிவும் 20 வினாடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 28,160 வினாடி. குறுந்தட்டுத் தரத்தில் ஒரு வினாடிக்கு 1,76,400 பைட் தேவை. பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 5 கிகாபைட். மேலும் சில ஒலிவாங்கிகளை வைத்து, மிதியோடும் மிதியில்லாமலும் பதிவு செய்தால் 40 கிகாபைட் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும்.

இரண்டாவது கணக்கீட்டு முறை. இங்கே பதிவுகளைத் தேடி எடுத்து ஒலிக்கவிடுவதில்லை. சுத்தியல், தந்தி, ஒலிப்பலகை ஆகியவை எப்படி அதிரும் என்பதைச் சமன்பாடுகளால் அந்தக் கணத்திலேயே கணக்கிட்டு ஒலியை உருவாக்குகிறார்கள். 2006இல் வெளிவந்த ‘பியானோடெக்’ இவ்வகை. பிரான்சின் துலூஸ் நகரில் இதை உருவாக்கிய பிலிப் கியோம், பியானோவுக்குச் சுருதி கூட்டும் தொழிலிலிருந்து கணிதத்துக்கு வந்தவர். (கணிதம் எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்கள் கவனிக்கவும்.) இது இடத்தை அடைக்காது, ஆனால் கணினியின் செயலிக்கு வேலை அதிகம்.

சரி, பாப்பா ஜாஸா? பாப் பாடலில் பியானோவோடு டிரம்ஸ், பேஸ், குரல் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். அங்கே நுணுக்கங்கள் அமுங்கிப்போகும். பளிச்சென்ற ஒலி இருந்தால் போதும். குறைந்த அழுத்த நிலைகள் கொண்ட சிறிய மென்பொருளே தாராளம். ஜாஸ் தனி வாசிப்பு அப்படியல்ல. வேகமான வரிசைகளுக்கு நடுவே சில சுரங்களை வாசித்தும் வாசிக்காததுபோல் தொட்டுச் செல்வார்கள். அந்தத் தொடுதலும் அடுத்து வரும் அழுத்தமும் வேறுவேறு குணத்தில் ஒலிக்க வேண்டும். இங்கேதான் மலிவான மென்பொருள் மாட்டிக்கொள்ளும்.

வாங்கும் முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒரே விசையை மிக மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக அழுத்தம் கூட்டி இருபது முறை அடியுங்கள். நடுவில் எங்காவது ஒலி ‘தடக்’கென்று தாவினால் அழுத்த நிலைகள் போதவில்லை என்று பொருள். அடுத்து, நடு ‘சி’ விசையை ஒலி வராதபடி மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஓர் ஆக்டேவ் கீழுள்ள ‘சி’யைச் சட்டென்று அடித்து விடுங்கள். உண்மையான பியானோவில் நடு ‘சி’ தானாகவே முனகும். கீழ்த் தந்தியின் அதிர்வெண் 130.8 ஹெர்ட்ஸ், அதன் இரு மடங்கான 261.6 ஹெர்ட்ஸ் நடு ‘சி’யின் அதிர்வெண். பாடநூலில் நீங்கள் படித்த ஒத்ததிர்வு இதுதான். மென்பொருளில் அந்த முனகல் கேட்கிறதா? பியானோடெக் போன்றவற்றுக்குச் சோதனைப் பதிப்பு உண்டு. சில விசைகள் ஒலிக்காது, நேர வரம்பும் உண்டு, ஆனால் இந்தச் சோதனைகளுக்குப் போதும்.

என் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் மிகப் பெரிய பதிவு மென்பொருள் ஒன்றை ஆசையாக வாங்கினேன். என் மடிக்கணினியில் நினைவகம் 4 கிகாபைட், வட்டோ சுழலும் பழைய வகை. இத்தகைய மென்பொருள் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்கும்போதுதான் வட்டிலிருந்து இழுக்கும். ஆசிரியர் தின நிகழ்வில் மிதியை அழுத்திக்கொண்டு வாசித்தேன். வட்டு ஈடுகொடுக்கவில்லை, மண்டபம் முழுக்கப் ‘படபட’ ஓசை. மாணவர்கள் கை தட்டினார்கள், பாவம்.

தாமதத்தையும் பாருங்கள். மென்பொருள் அமைப்பில் ‘பஃபர்’ என்றொரு எண் இருக்கும். அது 256 என்றால் தாமதம் சுமார் 6 மில்லிவினாடி, 1024 என்றால் 23. சிறியதாக வைத்தால் தாமதம் குறையும். மிகச் சிறியதாக வைத்தால் ஒலி வெடிக்கும். புளூடூத் காதணிக் கருவியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் 150 மில்லிவினாடித் தாமதம் சாதாரணம். நிமிடத்துக்கு 200 தாளம் என்ற ஜாஸ் வேகத்தில் அரைத் தாளமே 150 மில்லிவினாடிதான். அதாவது, இந்தச் சுரம் காதில் விழும்போது உங்கள் விரல் அடுத்த சுரத்தில் இருக்கும்!

அந்த மாணவி இப்போதைக்கு எதையும் வாங்கவில்லை. ‘சலமாண்டர்’ என்ற இலவசப் பதிவுத் தொகுப்பை இறக்கிக்கொண்டாள். யமஹா சி5 பியானோவில் 16 அழுத்த நிலைகளில் பதிவானது. மூன்று விசைக்கு ஒன்றைத்தான் பதிவு செய்திருக்கிறார்கள். இடையில் உள்ளவை அதே பதிவைச் சற்று வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டிப் பெறப்படுகின்றன. அங்பாவ் பணத்தில் கம்பியுள்ள காதணிக் கருவி ஒன்றும், பாதி அழுத்தத்தையும் உணரும் மிதி ஒன்றும் வாங்கினாள். என்னைக் கேட்டால் சரியான செலவு. சாதாரண மிதி ஒரு சுவிட்ச் மாதிரி. 0 அல்லது 127, இடையில் எதுவும் கிடையாது.

போன வாரம் இன்னொரு கேள்வியோடு வந்தாள். மேல் பக்கத்து விசைகளை விட்ட பிறகும் ஒலி உடனே நிற்கவில்லையாம், மென்பொருளில் பிழையா என்றாள். பிழையில்லை. உண்மையான பியானோவிலும் உச்சியில் உள்ள சுமார் ஒன்றரை ஆக்டேவுக்கு ஒலியை நிறுத்தும் அடக்கிகளே கிடையாது. உங்கள் மென்பொருளில் அது எந்த விசையிலிருந்து தொடங்குகிறது என்று கண்டுபிடித்து எழுதி அனுப்புங்கள்.