மேப்பில் ஒரே ஒரு கோடு... பாறைக்குள் எத்தனை அடுக்கு? நிலநடுக்கப் பிளவின் மறுபக்கம்!

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சுமார் 1,200 கி.மீ நீளத்துக்கு ஓடுகிறது சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்ட். மேப்பில் பார்த்தால் பேனாவால் இழுத்த ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால், அந்தக் கோட்டைத் தேடி நேரில் போனால் கதையே வேறு!

விரிசல் வேறு, ஃபால்ட் வேறு

பாறை வெறுமனே உடைந்திருந்தால் அது விரிசல். உடைந்த இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசி இடம் மாறியிருந்தால், அதுதான் ஃபால்ட். 1906 சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் நேராக நின்ற வேலிகள் அறுந்து, சில இடங்களில் பல மீட்டர் தள்ளிப்போய் நின்றன.

உள்ளே என்னதான் இருக்கு?

இதற்கு விடை, லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மலைப்பகுதியில் உள்ள 'பஞ்ச்பவுல்' ஃபால்ட்டில் கிடைக்கிறது. சான் ஆண்ட்ரியாஸ் குடும்பத்தைச் சேர்ந்த இது, இப்போது ஓய்ந்துவிட்டது. சில கி.மீ ஆழத்தில் இருந்த பாறை, நிலம் உயர்ந்து மேல்பகுதி அரித்துப்போனதால் இன்று வெளியே தெரிகிறது. அதாவது, ஆழத்தில் நடந்ததைக் கையால் தொட்டே பார்க்கலாம்.

வெளிப்புறத்தில் பல மீட்டர் அகலத்துக்கு விரிசல் விட்ட பாறை. உள்ளே போகப் போக நொறுங்கல் அதிகம். நட்ட நடுவில், மாவாக அரைபட்டு இறுகிய ஒரு மெல்லிய கரிய அடுக்கு. இந்த ஃபால்ட்டின் இரு பக்கமும் மொத்தம் சுமார் 44 கி.மீ நகர்ந்திருக்கின்றன. அதில் பெரும்பகுதி இந்த அடுக்குக்குள்ளேயே நடந்திருக்கிறது!

வீடு கட்டுறவங்களுக்கு இதில் என்ன?

ஃபால்ட் பல கிளைகளாகப் பிரியும். ஒன்றில் தொடங்கும் உடைப்பு பக்கத்து ஃபால்ட்டுக்கும் தாவும். 1992-ல் கலிஃபோர்னியாவின் லேண்டர்ஸில் 7.3 அளவில் நிலநடுக்கம் வந்தபோது, தனித்தனி என்று நினைத்த ஃபால்ட்கள் அடுத்தடுத்து உடைந்தன. மேப்பில் உள்ள கோட்டை மட்டும் நம்பினால், பக்கத்துக் கிளை மேலேயே வீடு எழும்பிவிடும்.

1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, 1972-ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி, ஃபால்ட் மண்டலத்தில் மக்கள் புழங்கும் பெரும்பாலான புதிய கட்டடங்களுக்கு முன்னால் நிலவியல் ஆய்வு கட்டாயம். பள்ளம் தோண்டி, மண் அடுக்குகள் எங்கே அறுந்திருக்கின்றன என்று பார்ப்பார்கள். உயிர்ப்புள்ள கிளை இருந்தால், பொதுவாக 50 அடி தள்ளித்தான் கட்ட வேண்டும்.

பாறையைப் பார்த்தாலே போதுமா?

போதாது. அரைபட்ட பாறை பலவீனமானது. மழையிலும் ஓடையிலும் சீக்கிரம் கரைந்துவிடும். அதனால் ஃபால்ட்டின் முக்கியமான நடுப்பகுதி பல இடங்களில் பள்ளத்தாக்காகி, மண்ணுக்கடியில் மறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் ஓரம்தான்.

இன்னொன்றும் உண்டு. அந்த 50 அடி, காலடியில் நிலம் பிளப்பதிலிருந்து மட்டுமே காக்கும். அதிர்வு பல கி.மீ தள்ளியும் வந்து சேரும். அதற்கு உறுதியான கட்டடம்தான் ஒரே வழி.